பள்ளிவாசலுக்கு இரண்டு பதில்

தம்பி,

நகராட்சித் தலைவர் அவர்களுக்கு என்று தொடங்கத்தான் நினைத்தேன். கை பழக்கத்தை விடவில்லை.

நம் தேவாலயத்துக்கு எதிரே பள்ளிவாசல் எழும்புவதை என் விசுவாசம் ஏற்கவில்லை. யார் கேட்டாலும் இதையே சொல்வேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நீ சபையார் முன் நின்று, "நான் இருக்கிற வரைக்கும் அது வராது" என்றாய். நானும் கைதட்டினேன்.

நேற்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்தார். பள்ளிவாசல் குழுவின் செயலாளர் அவர்தான். "அனுமதி உறுதின்னு உங்க தம்பி சொல்லிட்டாருண்ணே. உங்களுக்கு வருத்தமா இருக்கும், அதான் நானே சொல்ல வந்தேன்."

"சர்ச்சுல வேற மாதிரி சொன்னானே" என்றேன்.

"அப்ப நம்ம ரெண்டு பேர் காதுலயும் பூ சுத்திட்டாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உனக்காக வீடு வீடாகப் படியேறி ஓட்டுக் கேட்ட கால்கள் ஓய்ந்துவிட்டன. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை மன்றக் கூட்டத்துக்கு அவரும் நானும் சேர்ந்தே வருகிறோம். அவர் வேண்டும் என்பார். நான் வேண்டாம் என்பேன். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து ஒரே பதிலைச் சொல். அது எனக்குப் பாதகமாகவே இருந்தாலும், அன்று வீட்டுக்குச் சாப்பிட வா. உன் அண்ணி உனக்கும் சேர்த்துச் சமைப்பாள்.

பதில் மறுபடியும் இரண்டானால், வராதே.

இன்னும் உன்
அண்ணன்