பொங்காத பால்

ஞாயிறு, இரவு

யோங் பெங்கில் இன்று அக்கா வீட்டுப் புதுமனைப் புகுவிழா. பால் காய்ச்ச நான் செய்த பானைதான் வேண்டும் என்று கேட்டிருந்தாள். சாதாரணப் பானை போதும் என்றாள். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. சக்கரத்தில் வனைந்து, ரப்பர் பாலுக்காகப் பால்மரத்தில் வெட்டுவது போல் சாய்வாகக் கோடுகள் செதுக்கினேன். வெளிப்புறத்தை மட்டும் சூடு காட்டிக் காயவைத்து, உள்ளே கைவிட்டுப் பானையின் வயிற்றை வெளியே தள்ளினேன். மேல்தோல் மரப்பட்டை மாதிரி வெடித்தது. அவ்வளவு அழகு.

அக்காவின் மாமியாருக்கு அதைப் பார்த்ததும் முகம் மாறியது. "விரிசல் விட்ட பானையிலயா புது வீட்ல பால் காய்ச்சுவாங்க?"

"மேல மட்டும்தான் அத்தை, அது டிசைன் லா. தங்கச்சி செஞ்சா சரியா இருக்கும்," என்றாள் அக்கா.

எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். பால் பொங்கவில்லை. ஒரு கோட்டின் வழியே கசிந்து, சாய்வாக வழிந்து, அடுப்பை அணைத்தது. பிறகு எவர்சில்வர் சட்டியில் காய்ச்சினார்கள்.

அந்தக் கோட்டை ஆழமாகச் செதுக்கிவிட்டேன் என்று பானை வனைந்த அன்றே எனக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கலாம். ஒழுகினால் அதைத் தூக்கிப்போட வேண்டுமே என்று பார்க்கவில்லை.

கிளம்பும்போது அக்கா கார் வரை வந்தாள். "தண்ணி ஊத்திப் பாத்துட்டுதானே குடுத்த?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப நான்தான் தீயக் கூட்டி வெச்சிட்டேன்," என்றாள். அதை மாமியாரிடம் சொல்லத்தான் உள்ளே போனாள்.