முறுக்கு அச்சில் விழுந்த பிறை

முடிச்சூர்,
24.10.1995

அன்புள்ள ஜெயசீலி டீச்சருக்கு,

நாகர்கோவிலில் தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சுகந்தானே. இங்கே தீபாவளி நல்லபடியாகக் கழிந்தது. என் மூட்டுவலிதான் மழைக்கு முன்னால் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு இந்த முறை விடைக்குறிப்பு எழுதும் குழுவில் தாங்களும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இன்று காலை நடந்ததை உடனே எழுதுகிறேன்.

கிரகணத்துக்குப் பயந்து தெருவே கதவடைத்துக் கிடந்தது. எங்கள் வாசலில் வேலை செய்யும் எல்லம்மா மட்டும் புங்கமரத்தடியில் பட்டாசுக் காகிதம் பெருக்கிக்கொண்டிருந்தாள். எட்டரை மணிக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னா சார் இது, பெருக்கப் பெருக்கப் போவாம தரையெல்லாம் பிறை பிறையா கீது?"

போய்ப் பார்த்தேன். ஆயிரம் பிறைகள், டீச்சர். தரையில், துடைப்பத்தில், அவள் முதுகில். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து அசைகின்றன. உள்ளே ஓடி முள்ளு முறுக்கு அச்சு வில்லையை எடுத்துவந்து வெயிலில் பிடித்து, மெல்ல உயர்த்தினேன். ஓட்டை நட்சத்திர வடிவம். தரையில் விழுந்ததோ பிறை. முப்பத்திரண்டு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன், வாய் பிளந்து நின்றேன்.

எண்பத்தாறில் தாம்பரத்தில் நடந்த விடைத்தாள் திருத்தும் முகாம் நினைவிருக்கிறதா? ஊசித்துளைக் காமிரா, ஐந்து மதிப்பெண். ஒரு பிள்ளை படம் வரையாமல் எழுதியிருந்தது: மரத்தடியில் விழும் வட்ட வெளிச்சம் எல்லாம் சூரியனின் படம், இலை இடுக்குதான் ஊசித்துளை, கிரகணத்தன்று பார்த்தால் அதுவும் கடித்த மாதிரி இருக்கும். நான் அதை உரக்கப் படித்து எல்லோரையும் சிரிக்க வைத்தேன். சரியாக இருந்தால் என்ன செய்வது என்று தாங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். விடைக்குறிப்பில் இல்லை என்று சொல்லிப் பூஜ்யம் போட்டேன். கூட்டினால் முப்பத்திரண்டு. மூன்று மதிப்பெண்ணில் தோல்வி.

அந்தப் பாடத்தை நான் வகுப்பில் நடத்தியதே இல்லை. எப்போதாவதுதான் கேட்பார்கள், சாய்ஸில் விட்டுவிடுங்கள் என்று பென்சிலால் குறுக்குக்கோடு போடச் சொல்வேன். பிள்ளைகளும் சந்தோஷமாகப் போடுவார்கள். வாசலில் அத்தனை வருடமும் மரம் நின்றது. நான் அண்ணாந்தும் பார்க்கவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. அநேகமாக எந்தக் கிரகணத்தையும் பார்க்காமலே அந்தப் பிள்ளை யோசித்தே கண்டுபிடித்திருக்கிறது. நினைக்க நினைக்க மயிர்க்கூச்செறிகிறது.

பதிவெண் மறந்துவிட்டது. இடதுபக்கம் சாய்ந்த கையெழுத்து மட்டும் கண்ணில் நிற்கிறது. மன்னிப்புக் கேட்க முகவரி இல்லை.

ஆகவே தங்களிடம் கேட்கிறேன். விடைக்குறிப்பின் அடியில் ஒரு வரி சேருங்கள்: சொந்தமாக யோசித்துச் சரியாக எழுதியிருந்தால் முழு மதிப்பெண் தருக. குழுவில் மறுத்தால் முறுக்கு வில்லையோடு நானே புறப்பட்டு வருகிறேன்.

அந்தப் பிள்ளை எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். இன்று காலை அது ஒரு மரத்தடியில் நின்றிருக்க வேண்டும், டீச்சர்.

தங்கள் சகோதரன்,
கு. சம்பந்தம்