உன் விதியில் ஒரு ஓட்டை

இன்று காலை ஒரு ஆஸ்பத்திரிக்கான வேலைமுறைப் படத்தைக் கணினியில் ஓடவிட்டேன். அவசரத்தில் ஒரு பெட்டிக்குப் பெயர் போட மறந்திருந்தேன். நீ எழுதிவைத்த எச்சரிக்கை திரையில் வந்து நின்றது: "மாப்ள, பெத்துட்டுப் பேரு வைக்காமப் போறியே." நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது. இன்னும் என் தப்பைத்தான் கண்டுபிடிக்கிறாய்.

கோச்சடை அலுவலகத்தில் நம் இருவருக்கும் ஒரே வேலை. வாடிக்கையாளரின் வேலைமுறையைப் பெட்டியும் அம்புமாக வரைவது, அந்தப் படத்தைத் தானாகக் கணினி நிரலாக்கும் விதிகளை எழுதுவது. பசுமலைக் கல்லூரியில் நீ முடித்தாய், நான் இரண்டாம் வருடம் வெளியேறினேன். ஆனாலும் வேகத்தில் நான்தான். நீ ஒரு விதிக்கு நாலு நாள் எடுத்தபோது, நான் ஒரே விதியை நம்மிடம் வந்த நாலு பள்ளிக்கூடங்களுக்கும் பிரதியெடுத்துப் பெயரை மாற்றி முடித்தேன்.

"பள்ளிக்கூடம், மாணவன்னு விதியில எழுதாத மாப்ள. ஆளு, இடம், நேரம்னு எழுது. நாளைக்கு மில்லுக்காரன் வந்தாலும் ஓடும்" என்றாய். உபதேசம் வேண்டாம் என்றேன்.

பிறகு வருகைப் பதிவில் ஒரு மாற்றம் வந்தது. நாலு பிரதியில் மூன்றைத் திருத்தினேன். நாலாவது வாடிப்பட்டிப் பள்ளி. வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் 'வரவில்லை' என்று குறுஞ்செய்தி போனது. என் நாலையும் தூக்கிவிட்டு உன் ஒரு விதியை வைத்தாய். என்னுடையது சின்னத் திருத்தத்துக்கும் முழுப் படத்தையும் மறுபடி நிரலாக்கும், அதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். உன்னுடையது மாறிய பெட்டியை மட்டும் தொட்டு உடனே முடித்தது. முதலாளி கேட்டபோது, "ரெண்டு பேரும்தான் சரிபண்ணோம்ணே" என்றாய். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தப் பெருந்தன்மையை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆஸ்பத்திரிப் படமும் உன் விதியில் ஓடியது. டாக்டர், அறை, நேரம். முதலாளி வந்து, கோப்பில் உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னார். "சந்தேகம்னா ஆஸ்பத்திரிக்காரவிங்க யாரக் கேப்பாங்க?" நியாயம்தான். உன்னை அழித்து என்னை அடித்தேன். ஓடவிட்டேன். அதே வேகம். யார் பெயராயிருந்தால் என்ன என்பதுபோல.

முடிவைச் சரிபார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. நர்சுகளின் இரவுப் பணி நள்ளிரவைத் தாண்டினால், உன் 'நேரம்' அதை இரண்டு பணியாக வெட்டிவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு இரவு ஏது? நீ யோசிக்கவே இல்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக நீ தப்பு, நான் சரி.

ஒரு மணி நேரத்தில் திருத்தினேன். உன் பெயரைத் திரும்ப மேலே வைத்து, என் பெயரைக் கீழே போட்டேன். யாரைத் திருத்தினேன் என்று தெரிய வேண்டாமா?

உன்னிடம் காட்டியிருந்தால் பார்த்த உடனே ஒத்துக்கொண்டிருப்பாய். ஒரு வார்த்தைகூடச் சண்டை போட்டிருக்க மாட்டாய். அந்த எரிச்சலை இனி யார்மேல் காட்டுவது?