‘போட்டு வாறன்’ என்றொரு படகு

ஏப்ரல் 24, வெள்ளி

தெற்குக் காற்று. விட்டு விட்டுத் தூறல். அடிப்பெயின்ற் அடிக்கிற வேலை இன்றும் சரிவரவில்லை. படகு கரையில் முட்டுக்கொடுத்தபடி, அதற்குக் கீழே நானும் சுந்தரும் தேநீரும்.

செய்ய வேண்டியவை:
பாய்மரக் கம்பிகள் (முடிந்தது)
பெரிய பாயில் கிழிசல் (தைக்கக் கொடுத்தாயிற்று, எப்போது வருமோ)
டீசல் வடிகட்டி
உயிர்காப்பு மிதவை சோதனை
குசினி அடுப்பு, ஆட்டத்தில் கொளுவி (கொக்கி) கழன்று விழுகிறது
கௌரி

கடைசியை எழுதிவிட்டு வெட்டினேன். பிறகு திரும்ப எழுதினேன். என் கொப்பிதானே, யார் பார்க்கப் போகிறார்கள்.

மே நடுவில் புறப்பாடு. சிட்னியிலிருந்து நியூ கலிடோனியா. காற்று மனம் வைத்தால் பத்து நாள் நடுக்கடல். குளிர்காலம் முழுக்க அங்கே தீவு தீவாகத் திரிவது. போகவும் வரவும் சுந்தர் துணை. சென்னைப் பெடியன், கணினிக்காரன், பாய் பிடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரன். நடுவில் அவன் விமானத்தில் வீட்டுக்கு வந்துவிடுவான். மாதக்கணக்கில் நான் தனியே.

என் மனிசி கௌரி வரமாட்டாள். படகு வாங்கி இரண்டு வருடம், இறங்குதுறையில் நின்று சோற்றுப் பெட்டி நீட்டுவாள், ஒரு கால் உள்ளே வைக்கமாட்டாள். படகுக்கு அவள் வைத்த பெயர் ‘சக்களத்தி’. போன வருடம் ஒருமுறை வாய் விட்டுக் கேட்டேன். “கிளாலியில ஒருக்கா ஏறினது காணும். இனி என்னைக் கேளாதேங்கோ” என்றாள். சண்டைக் காலத்தில் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவள், பத்தொன்பது வயதில், அடித்தட்டுத் தண்ணீரில் குப்புறப் படுத்தபடி, குடல் வெளியே வரச் சத்தி எடுத்தபடி. கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைத் தின்ன முடியாது. அதுதான் தொண்டையில் நிற்கிறது.

ஏப்ரல் 26, ஞாயிறு

வெயில்! இரண்டு பூச்சும் முடிந்தது. முதுகு போய்விட்டது.

பெயர் எழுத்துகள் வந்தன. பின்பக்கத்தில் ஒட்டுகிற ஸ்டிக்கர். பழைய சொந்தக்காரர் வைத்த ஆங்கிலப் பெயரைச் சுரண்டி எடுத்தாயிற்று. புதிய பெயர் ‘போட்டு வாறன்’. நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது சொல்வது. ‘போறன்’ என்று சொல்லி யார் வெளிக்கிடுவது? அதற்குள்ளேயே ஒரு ‘போட்’டும் இருக்கிறது. இது எனக்கு ரயிலில் வரும்போது தோன்றியது. இறங்க வேண்டிய ஸ்டேசனை விட்டுவிட்டேன், அவ்வளவு சந்தோசம்.

அச்சுக்கடைக்காரன் முதல்முறை ‘போ’வின் கொம்பை ஒருபக்கம், பானாவை ஒருபக்கம், அரவை ஒருபக்கமாகச் சிதற அடித்திருந்தான். அவனுடைய கணினிக்குத் தமிழ் தெரியாதாம். திருப்பிக் கொடுத்து, பக்கத்தில் நின்று அடிப்பித்தேன்.

சுந்தர் வாசித்தான். முகத்தில் ஒன்றும் இல்லை.

“என்னண்ணா, எதைப் போட்டுட்டு வர்றீங்க? குப்பையா?”

விளக்கினேன். “ஓ, போயிட்டு வர்றேனா! அத அப்படியே எழுதிருக்கலாம்ல?” என்கிறான். எழுதலாம், அதில் போட் எங்கே ராசா?

கீழே ஆங்கில எழுத்திலும் ஒட்டினோம். ரேடியோவைச் சோதிக்கக் கரையோரக் காவல்காரரைக் கூப்பிட்டால், அந்த மனிசன் ஆறுதலாக, “பொட்டு வரன், பொட்டு வரன், நன்றாகக் கேட்கிறது” என்கிறார். வீட்டில் சொன்னேன். கௌரி விழுந்து விழுந்து சிரித்தாள். “அறுபத்தொரு வயசில பொட்டு வைச்ச வரன்!” பிறகு பெயரின் படத்தைப் போனில் காட்டினேன். சிரிப்பு நின்றது. “வடிவாத்தான் கிடக்கு” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். ஏன் என்று விளங்கவில்லை.

ஏப்ரல் 29, புதன்

குளிர். கௌரி காலையிலேயே ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு. என் பயணத்துக்கு நேர்த்தியாம்.

நான் ஹரிஸ் பார்க்கில் சாமான் வாங்கினேன். அரிசி, பருப்பு, டின்மீன். மிளகாய்த்தூள் கௌரி வறுத்தரைத்தது ஏற்கனவே இருக்கிறது. அந்தப் போத்தலை ஏற்றினால் படகு அரை அங்குலம் தாழும். பருத்தித்துறை வடை சுட்டு டின்னில் அடைத்துவிட்டாள். நனைந்தாலும் கெடாதபடி ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இரண்டு பை. படகைச் சக்களத்தி என்று திட்டிக்கொண்டே அதற்குச் சீதனம் கட்டுகிற பெண் இவள் ஒருத்திதான்.

விமானத்தில் வந்து அங்கே இறங்கலாமே என்று நேரே கேட்காமல், காற்றைப் பார்த்துச் சொல்கிற மாதிரிச் சொன்னேன்.

“வந்து? அங்கையும் உதுக்குள்ளதானே படுக்கோணும்.”

வடை டின்னைத் தூக்கிக் காரில் வைத்தேன்.

மே 2, சனி

வடகிழக்குக் காற்று, மிதமாக. ஒத்திகை ஓட்டம். படகு நிற்கிற பிட்வாட்டரிலிருந்து வெளிக்கடலுக்குப் போய், ஓரிரவு மிதந்து, திரும்பினோம். படகு நல்ல பிள்ளை. அடுப்புக் கொளுவி நல்ல பிள்ளை இல்லை, பருப்பு சுவரெல்லாம்.

கௌரி தேசிக்காய் நான்கு தந்துவிட்டிருந்தாள், சில்லுக்குக் கீழே வைத்து நசிக்க. சில்லில்லாத வாகனத்துக்கு எங்கே வைப்பது? சுந்தர் யோசித்து, சுக்கானைத் திருப்புகிற சக்கரத்துக்குக் கீழே வைத்தான். “சக்கரம் சக்கரம்தானே அண்ணா.” நசியவில்லை. மாலையில் பிழிந்து குடித்தோம்.

விடியப்புறம் என் காவல் முறை. சுந்தர் உள்ளே குறட்டை. கடல் முழுக்க ஒரு சாம்பல் வெளிச்சம். ‘இஞ்சரும், இதை ஒருக்கா வந்து பாரும்’ என்று வாய் வரை வந்துவிட்டது. பக்கத்தில் சுருட்டி வைத்த கயிறுதான் இருந்தது. எனக்கு இந்தப் பயணம் வேண்டும், முப்பது வருடம் ரயில் சிக்னல் வயர் இழுத்துக்கொண்டே கண்ட கனவு. அவளில்லாமல் வேண்டாம் போலவும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

மே 6, புதன்

பலத்த காற்று, துறைமுக வாசலான ஹெட்ஸ் பக்கம் பெரிய அலை என்று ரேடியோவில். மிதவை சோதனை முடிந்தது. பாய் தைத்து வந்தது.

கௌரி இன்றும் கோயிலுக்கு. பின்னேரம் வந்தாள். முகம் வெளிறி, தலை கலைந்து.

“எங்க போட்டு வாறீர்?”

“கோயிலுக்கெண்டு சொன்னனான்தானே.”

கார் நாள் முழுக்க வாசலில் நின்றது. ஹெலன்ஸ்பர்க் காட்டுக்குள் இருக்கிற இடம், கார் இல்லாமல் எப்படி? யாரோ கூட்டிப்போனார்களாம். நெற்றியில் திருநீறும் இல்லை. “காத்துக்குப் பறந்திட்டுது” என்றாள். திருநீறு பறக்கிற காற்று கோயிலுக்குள்ளேயா?

வருத்தம் ஏதும் இருந்து ஒளிக்கிறாளோ. ஆசுப்பத்திரிக்குத்தான் போய் வருகிறாளோ. கேட்டேன். “சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ” என்று சீறினாள். நானும் கத்தினேன். நான் கத்தினது பிழை. பயத்தில் கத்தினேன். அவளுக்கு ஒன்று என்றால் படகைத் துறையிலேயே விற்றுவிட்டு வந்துவிடுவேன், சத்தியமாக.

மே 8, வெள்ளி

மழை. ஒரு வேலையும் ஓடவில்லை. மகள் தர்சிக்குப் போன் எடுத்தேன். அவளுக்கு சேர்க்குலர் கீ பக்கத்தில் வேலை.

“கொம்மாவுக்கு என்ன பிள்ளை? உனக்குத் தெரியும், மறைக்காதை.”

“அப்பா, ஐ ப்ராமிஸ்ட் ஹர்.”

“வருத்தமோ?”

“நோ! ஓ காட், நோ. அம்மா ஃபெரியில போறா. மான்லி ஃபெரியில. அப் அண்ட் டவுன், அப் அண்ட் டவுன். காத்து கூடின நாளாப் பாத்து.”

முதல் தடவை சத்தி எடுத்து, தர்சிதான் ஃபெரித்துறைக்குப் பக்கத்திலிருக்கிற தன் வேலையிடத்துக்குக் கூட்டிப்போய் முகம் கழுவவைத்தாளாம். அந்தப் பயணிகள் படகு ஹெட்ஸ் வாசலைக் கடக்கும்போது, வெளிக்கடல் அலை உள்ளே தள்ளுகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவள், புதன்கிழமை எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம், கண் திறந்து.

“டோன்ட் சே எனிதிங், ஓகே? ஷீ மே நாட் டூ இட். கடைசியில வராமலும் விடலாம்.”

போனை வைத்துவிட்டு காருக்குள் இருந்தேன். மழை நல்லதாய்ப் போயிற்று, யாரும் பார்க்கவில்லை.

இரவு குரக்கன் புட்டு. அவள் இஞ்சித்துண்டு ஒன்றை வாயில் அடக்கியிருந்தாள். இரண்டாம் முறை புட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மே 10, ஞாயிறு

வானம் வெளித்திருக்கிறது. வியாழன் புறப்படக் காற்று சரி என்கிறது முன்னறிவிப்பு.

டீசல் கான் இரண்டையும் தூக்கிக்கொண்டு இறங்குதுறையில் வந்தேன். படகின் பின்பக்கம் தெரிந்தது. யாரோ எழுத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள். கடைசி எழுத்து. விசர் வந்தது. கிட்டப் போனேன்.

‘ன்’ இல்லை. அதன் இடத்தில் ‘ம்’. கொஞ்சம் சரிவாக, ஒரு காற்றுக்குமிழியோடு.

போட்டு வாறம். நான் இல்லை, நாங்கள்.

படகுக்குள் கௌரி. காற்சட்டை, ஓட்டச் சப்பாத்து, சுந்தரின் மிதவை அங்கி தலைகீழாக. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். சுந்தர் முன்பக்கத்தில் இல்லாத கயிறு ஒன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான், திருட்டு ராஸ்கல்.

“என்ன பாக்கிறியள்? வாசிக்கத் தெரியாதோ?”

“ஆர் ஒட்டினது?”

“நான்தான். அந்தக் கடைக்காரனிட்டைப் போய் ஒரு எழுத்து வாங்க என்ன பாடு.” பிறகு குரல் இறங்கியது. “நீங்கள் பாட்டுக்கு ‘போட்டு வாறன்’ எண்டு எழுதி வைச்சிட்டியள். ஆருக்குச் சொன்னது அது? எனக்குத்தானே. அந்தப் படத்தைப் பாக்கிற நேரமெல்லாம் வாசல்ல நிண்டு சொல்லிப்போட்டுப் போற மாதிரிக் கிடந்தது. பத்து நாளும் வீட்டில இருந்து யோசிச்சுச் சாகிறதை விட, உங்களோட சத்தி எடுக்கிறது பரவாயில்லை.”

பகிடிப் பெயர் என்று நினைத்துக்கொண்டு அவளுக்குப் பயணம் சொல்லியிருக்கிறேன், பெரிய எழுத்தில். மடையன்.

“பயமில்லையோ?”

“பயந்தான். ஆர் இல்லையெண்டது? கையைத் தாங்கோ, இதுக்குள்ள எங்க இருக்கிறது?” கொஞ்சம் நிறுத்தி, “என்னத்துக்கப்பா அழுறியள், டீசல் ஊத்துது!”

ஊற்றியது. துடைத்தேன். அங்கியைக் கழற்றி நேராகப் போட்டுவிட்டேன், வார் ஒவ்வொன்றாக. சுந்தர் ஆங்கில எழுத்தைச் சுட்டிக்காட்டினான். அதிலும் கடைசி எழுத்தை மாற்றியிருக்கிறாள். “அண்ணா, இனிமே ரேடியோல வரன் இல்ல, வரம்னு கூப்பிடுவாங்க.”

அவளுக்கும் ரேடியோ பழக்க வேண்டும், கடலில் அது விதி. பொத்தானை அழுத்து, பெயரைச் சொல், விடு என்று காட்டிக்கொடுத்துவிட்டு, அடுப்புக் கொளுவி பார்க்கக் குசினிக்குள் குனிந்தேன். பொத்தான் சத்தம் கேட்டது. பெயர் வரவில்லை. முப்பத்தைந்து வருடமாக என்னைக் கூப்பிடுகிற பழக்கத்தில் வாயில் வந்தது:

“இஞ்சருங்கோ...”

கரையில் இருந்த மனிசன் தடுமாறிவிட்டார். யார் அழைப்பது, திரும்பச் சொல்லுங்கள் என்கிறார் ஆங்கிலத்தில்.

“இஞ்சருங்கோ!” திரும்பவும் சொன்னாள், இன்னும் சத்தமாக.

அவருக்கு முந்தி நான் “ஓம், சொல்லும்” என்றேன்.