வேன் போகிற வழி

வேலைக்கு ஏற்றிப்போகும் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வாசலில் வந்து ஹாரன் அடிப்பதற்குள் எழுதிவிட வேண்டுமென்று, காளீஸ்வரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினாள். மகள் பொன்செல்வி நேற்றிலிருந்து அவளோடு பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“ஏட்டி செல்வி, கருவாட்டுக் குழம்பு சட்டியில இருக்கு. கோவத்தைச் சோத்துல காட்டாத. வெளிய போனா சாவியை விளக்கு வைக்கிற மாடாக்குழியில வை. மத்தியானம் வேன் ஓட்டுத சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி வருவாவ. காலேஜ் எத்தனை மணிக்குன்னு கேப்பாவ, மூஞ்சியைத் தூக்கி வைக்காமச் சொல்லு.

நம்ம கரிசல் மண்ணைப் பொட்டலம் கட்டிக்கிட்டுப் போய் டீச்சருட்ட சந்தேகம் கேட்டவ நீ. வேளாண்மை படிக்க இடமும் கிடைச்சிட்டு. ஆனா ஹாஸ்டல்ல விட மாட்டேன்னு உங்கப்பா ஒரே பிடியா நிக்காவ. விடியக்காலம் நம்மூருக்கு வார வண்டி இந்த வேன் ஒண்ணுதான். அது போற வழியில ஒரு காலேஜ்தான் இருக்கு. அங்க பி.காம்தான் இருக்கு. அதுலதான் சேரணும், என்கூட இந்த வேன்லதான் போயிட்டு வரணும்னுட்டாவ.

‘உனக்கு எது பொருந்தும்னு நீயே பாருன்னு டீச்சர் சொன்னாவளே’ன்னு நேத்து அழுத. எங்கிட்ட அப்படி யாரும் சொன்னதில்லட்டி.”

ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டியவள் திரும்பி வந்தாள். தாளில் இடமில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

“வேன்ல ஜன்னலோரம் வேணுமா, என் பக்கத்துல வேணுமா? நீயே சொல்லு.”