விலகிவிட்டவருக்குப் போட்ட ஓட்டு

அக்கா,

இன்று தபாலில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலின் மாதிரி வாக்குச்சீட்டு வந்தது. எப்போதோ போட்டியிலிருந்து விலகிவிட்ட ஒருவரின் பெயர் அதில் இன்னும் அப்படியே இருக்கிறது. பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. குப்பையில் போட மனமில்லாமல் எதிரில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நியூஜெர்சியின் எடிசன் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் நாம் இருவரும் நர்ஸ்களுக்கு உதவியாளர்கள். ஊரில் எம்.எஸ்சி. படித்துவிட்டு இங்கே பெட்பேன் கழுவுகிறோமே என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். யூனியன் பிரதிநிதியான நீங்களோ நிர்வாகத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் சூப்பர்வைசர் உங்களை மட்டும் மரியாதையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதனால்தான்.

பிப்ரவரியில் ஸ்ட்ரைக் வந்தது. பனி கொட்ட வாசலில் நின்றோம். ஜனாதிபதி தேர்தலுக்குக் கட்சி வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த ஒருவர் நம்மைப் பார்க்க வந்தார். கேமரா ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தோம்; மதியம்வரை நின்றார். உங்கள் பிளாஸ்க் டீயை வாங்கிக் குடித்துவிட்டு, இஞ்சி கொஞ்சம் அதிகம் என்றார்.

பிரைமரி மாநிலம் மாநிலமாக நடந்து நியூஜெர்சிக்கு ஜூனில்தான் வரும். கல்யாணம் முடிந்து இலையும் எடுத்த பிறகு நாம் போய் உட்காருவதுபோல. அதற்குள் அவர் மற்ற மாநிலங்களில் தோற்று விலகிவிட்டார். யூனியன் தலைமை ஜெயிக்கிறவர் பக்கம் போனது. அவருக்காக உறுப்பினர்களுக்குப் போன் செய்ய நம்மை உட்கார வைத்தார்கள். நீங்கள் மட்டும் பழைய ஆளுக்கே ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

“அக்கா, அவரு வித்ட்ரா பண்ணிட்டாரு. டிவிலயே சொல்லிட்டாங்க.”

“பேரு பேலட்ல இருக்குல்ல?”

“சிட்டிசன் ஆகி போடப்போற முதல் ஓட்டு. அத வேஸ்ட் பண்ணப்போறீங்களா?”

“ஸ்ட்ரைக்ல அவரு வந்தப்ப நாமளும் தோக்கற கட்சிதான். அவரு அதெல்லாம் பாத்தாரா?”

எனக்கு எரிச்சலாக வந்தது. இப்படி இன்னொரு போன் போட்டால் பிரதிநிதி பதவி போய்விடும் என்று யூனியன் ஆபீஸர் வந்து சொன்னார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டீர்கள். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த நம்பரைச் சுழற்றினீர்கள்.

பதவி போனது. எனக்குக் கொடுத்தார்கள். ஆசைப்பட்டுத்தான் வாங்கிக்கொண்டேன், இப்போது மறைப்பானேன்.

பிரைமரி அன்று உங்களை வாக்குச்சாவடிக்கு என் காரிலேயே அழைத்துப்போனேன். நீங்கள் அவருக்குப் போட்டீர்கள். நான் ஜெயிக்கிறவருக்குப் போட்டேன். திரும்பும்போது யாருக்குப் போட்டாய் என்று நீங்கள் கேட்கவில்லை. “மீட்டிங்குக்குப் போறப்ப கம்ப்ளெயின்ட் எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டுப் போ. வாயால சொன்னா மறந்துட்டேம்பாங்க” என்றுதான் சொன்னீர்கள். கொஞ்சம் கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நிர்வாகத்தோடு போட்ட அடுத்த ஒப்பந்தத்தில் நான் ஏமாந்தேன். எழுதிக் கொண்டுபோனதைக்கூட அழுத்திப் பேசாமல், மருத்துவக் காப்பீட்டை வெட்டிய காகிதத்துக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். எல்லோருக்கும் என்மேல் ஆத்திரம். பிரதிநிதி தேர்தல் வந்தபோது, மானம் போகுமுன் விலகிவிடு என்றார்கள். வீம்புக்கு நின்றேன். எண்ணி முடித்தபோது எனக்கு இரண்டு ஓட்டு. ஒன்று நான் போட்டது.

அன்று லஞ்ச் ரூமில் எல்லோரும் தள்ளி உட்கார்ந்தார்கள். நீங்கள் என் எதிரில் வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தீர்கள். பாதி தயிர்சாதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, சாயங்காலம் காய்கறிக் கடைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகும் பிரைமரிகள் வந்து போகின்றன. ஜெயித்தவர்கள் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். யாருக்குப் போட்டேன் என்பதுகூடச் சரியாக நினைவில்லை. எனக்கு விழுந்த அந்த இரண்டாவது ஓட்டு மட்டும் மறக்கவில்லை, அக்கா. அது யார் போட்டது என்று ஒருநாளும் நான் உங்களைக் கேட்டதில்லை.