முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு சாவி

12 ஒக்டோபர், ஞாயிறு

வீட்டுக்குத் துவக்கு வந்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. இன்றும் அப்பா கென்ட் பக்கத்துச் சுடும் கிளப்புக்குப் போய், மேலே எறியும் களிமண் தட்டுகளைக் குறிபார்த்துச் சுட்டுவிட்டு வந்து, சமையலறை மேசையில் துவக்கைத் துடைத்தார். முதலில் மடித்துத் திறந்து, குண்டு இல்லை என்று எனக்கும் காட்டினார். இரண்டு குழாய்களுக்குள்ளும் ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. எண்ணெய் பூசி, இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை மட்டும், வீட்டின் மற்றச் சாவிகளைப் போல, முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

பயந்து பயந்து சொன்னேன். "அப்பா, தங்கச்சி திருநீறு எடுக்க அங்கதான் கை விடுறவள்."

"ஏன், முருகனில நம்பிக்கை இல்லையோ?"

"முருகனில இருக்கு. தங்கச்சியிலதான் இல்லை."

அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. எங்கள் மூவரையும் கார்டனுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார். குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றோம்.

திரும்பி வந்ததும் அம்மா கேட்டார். "எங்க வச்சனீங்கள்?"

"அது உமக்கும் தெரியக்கூடாது. பொலிஸ் அப்பிடித்தான் சொன்னவை."

படுத்தபடி யோசித்துப் பார்க்கிறேன். சாவி எங்கே இருக்கும் என்று ஓரிடமும் தோன்றவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் தங்கச்சிக்கும் தெரியாது. கண் சொருகுகிறது.